இருபத்துநாலு லட்சம் மிதி

சங்கு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, ஆபீஸ் வைத்த பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு எழுந்து நின்று, ஸ்ட்ரெச்சர் பலகை பிரியப்போகிறது, நோயாளி விழப்போகிறார், உற்பத்தியை உடனே நிறுத்துங்கள் என்று கத்தினாள். நிறுத்தினார்கள். ஒன்பது நாள் மெஷின்கள் எல்லாம் சும்மா கிடந்தன. கடைசியில் பார்த்தால் பலகையில் ஒரு கோளாறும் இல்லை. இவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வெட்டிப் போட்ட பலகையின் மூலையில் ஒரே ஒரு கட்டம் கோணலாக விழுந்திருந்தது. பிரிந்தது அந்தக் கட்டம்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் இது, ஆலைச் சங்கு. "சங்கு வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்கப்பா" என்று கேன்டீனில் கிண்டலடிப்பார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். வேலை பார்க்கிற இடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருக்க முடியும்?

ஆனால் உள்ளுக்குள் ஒன்று முடிவு பண்ணிவிட்டாள். இனிமேல் ஒரு கணக்கை இரண்டு தடவை சரி பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. கதையே இந்த முடிவால் வந்ததுதான், அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பெனி முக்கியமாகச் செய்வது செயற்கைப் பாதம். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் மாட்டிக்கொள்வது. கார்பன் துணியை ரெசின் என்கிற பசையில் தோய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு வைத்து, அழுத்திச் சூடாக்கி எடுத்தால் வில் மாதிரி வளைந்து நிமிர்கிற பாதம் கிடைக்கும். அடுக்கு லேசில் உடையாது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் இருக்கிற பசைதான் வில்லங்கம். மிதிக்க மிதிக்க அது உள்ளே எங்கேயோ மயிரிழை அளவுக்கு வாய் திறக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திறந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு நாள் மொத்தமாகப் பிரியும்.

எத்தனையாவது மிதியில் பிரியும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது சங்குவின் வேலை. பாதத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, அடுக்குகளுக்கு நடுவே பசையை வைத்து, அந்தப் பசை எவ்வளவு இழுவை தாங்கும், பிய்ப்பதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று எண்களைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் மிதி மிதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போகும். ஆனால் பிரிகிற இடம் வந்ததும் அது திக்கும். அத்தனை நேரம் ஒட்டியிருந்தது திடீரென்று விட்டுப்போனால் விடை கிடைக்காமல் தடுமாறி, கடைசியில் படுத்தே விடும். அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பசையில் கொஞ்சம் பொய்ப் பிசுக்கைச் சேர்த்தால் பிரிவது மெதுவாக நடக்கும், கணக்கும் திக்காமல் ஓடும். நிஜப் பாதத்தில் அந்தப் பிசுக்கு கிடையாது. அதனால் சிட்டிகை அளவுதான் போட வேண்டும். கை தவறி அள்ளிப் போட்டால் பிரிய வேண்டியது பிரியாது, பாதம் நூறு வருஷம் உழைக்கும் என்று கம்ப்யூட்டர் கூசாமல் சொல்லும்.

ஒரு திங்கட்கிழமை, சின்ன அளவுப் பாதம் ஒன்றுக்குக் கணக்குப் போட, பழைய பாதத்தின் ஃபைலை நகல் எடுக்கத் திறந்தாள். பிசுக்கு எண் இருக்கிற வரியில் கண் போய் நின்றது. சிட்டிகை இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போல நூறு மடங்கு இருந்தது.

சுழிகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். எப்படி வந்தது என்பதும் அவளுக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஃபைல் நாலு நாளாகத் திக்கித் திக்கி உயிரை வாங்கியது. முதலில் ஓடுகிறதா பார்க்கலாம், அப்புறம் எடுத்துவிடலாம் என்று அள்ளிப் போட்டாள். ஓடியது. அப்புறம் எடுக்கவில்லை. கடைசிக் கணக்கு அந்த ஃபைலின் நகலில்தான் ஓடியிருக்கிறது. பிசுக்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது ஆபீஸ் வழக்கம். அதையும் செய்தாள், தவறுதலாக வேறொரு ஃபைலில்! ஐம்பது லட்சம் மிதிக்குப் பிரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். சோதனை மெஷினில் மிதித்துப் பார்த்தது தர விதிமுறை கேட்ட இருபது லட்சம் வரைக்கும்தான். அதற்கு மேலே இருந்த தைரியம் முழுக்க அவள் கையெழுத்து கொடுத்தது.

அந்தப் பாதத்தை இருநூற்றுப் பதினேழு பேர் மாட்டியிருந்தார்கள். அதில் ஒருவன் அவள் அண்ணன்.

அண்ணன் தபால்காரன். எட்டு வயசு மூத்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தபால் ஆபீஸ் வாசலில் பின்னாடி வந்த லாரி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலை. மனுஷன் அதில் பாதியாகிப் போனான். வீட்டில் பேச்சில்லை, எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுவான். "அவரு தெருவுல நடந்தே வளர்ந்தவரு, உக்கார வெச்சா என்ன பண்ணுவாரு?" என்று அண்ணி மூக்கைச் சிந்துவாள். சங்குதான் தன் கம்பெனிப் பாதத்தை வாங்கிக் கொடுத்து, மாட்ட வைத்து, நடக்க வைத்தாள். பதினோரு மாசமாக அண்ணன் திரும்பவும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறான். தற்காலிகமாகத்தான். வரப்போகிற வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் கூடவே நடந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் அந்தத் தெருக்கள் நிரந்தரமாக அண்ணனுக்கு. இல்லையென்றால் மறுபடி கடிதம் பிரிக்கிற மேஜை.

தினமும் சாயங்காலம் அண்ணன் போனில் காலடிக் கணக்கு அனுப்புவான். "இன்னிக்கு பதினேழாயிரம்! உன் மேனேஜர்கிட்டக் காட்டு" என்பான். இவளும் பெருமையாக ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தாள். அதில் பாதி வலது கால், பாதி இடது கால். ஆக இடது பாதம் இதுவரைக்கும் எத்தனை மிதி மிதித்திருக்கிறது என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் துல்லியமாகத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்கும் கடைக்கும் நடக்கிறவர்கள், வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் வந்தால் பெரிசு. இருபது லட்சத்தைத் தாண்டியவன் அண்ணன் ஒருத்தன்தான்.

பிசுக்கைச் சிட்டிகை அளவுக்குக் குறைத்து, பெரிய கட்டங்களாக வைத்து, அவசரமாக ஒரு கணக்கு ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விடை வந்தது. இருபத்துநாலு லட்சமாவது மிதியில் குதிகாலுக்கு மேலே, வளைவில், ஏழாவது அடுக்குக்கும் எட்டாவது அடுக்குக்கும் நடுவில் திறக்கிறது. தாளை எடுத்துப் பார்த்தாள். அன்றைய நடையோடு சேர்த்து அண்ணன் கணக்கு இருபத்துமூன்று லட்சத்து எழுபதாயிரம்.

போனைக் கையில் எடுத்தாள். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? அந்தச் சனியனைக் கழற்றி வைடா முதலில் என்று கத்துவோம். அவளும் பேரைத் தேடி அழுத்தப் போனாள். அப்போது பார்த்து மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

பெரிய கட்டம் வைத்துப் போட்ட கணக்கு இது, பெரிய கட்டத்தை நம்பக் கூடாது. ஸ்ட்ரெச்சர் பலகையில் பட்டது போதாதா? இப்போது பதறிச் சொல்லி அண்ணன் கழற்றி வைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை போச்சு, தெருவும் போச்சு. அடுத்த வாரம் சின்னக் கட்டம் போட்டுப் பார்த்து, ஐயோ அண்ணா, பாதம் நன்றாகத்தான் இருந்தது, என் கணக்குதான் கோணல் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? முதலில் சின்னக் கட்டத்தில் ஓட்டிப் பார்ப்போம். ஓட்டினாள். அறுபத்தாறு மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முடியும் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அடுத்ததாக அவள் நினைத்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த விடையே சரி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு மிதி, இருபத்துநாலு லட்சம் சனிக்கிழமைதானே வருகிறது? வெள்ளிக்கிழமை தாங்கிவிடும். அண்ணன் பாஸாகட்டும், சனிக்கிழமை காலையில் நானே போய்க் கழற்றி வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். எச்சரிக்கை என்று பார்த்தபோது நம்ப முடியாத கணக்கு, நாள் குறிக்க மட்டும் நம்பக்கூடியதாகிவிட்டது பாருங்கள். படித்த புத்தி இது. படிக்காதவளாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே போன் போயிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே வாசலிலேயே அண்ணன் எதிர்ப்பட்டான். ஐந்து வயசு மகள் தோளில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குட்டிக்கு வீட்டில் வாலு என்று பேர்.

"வா வா, நல்ல நேரத்துக்கு வந்தே. இவளைச் சுமந்துக்கிட்டு மூச்சு வாங்காம ஏறிடறேன் பாக்கறியா?"

"வேணாம்ணா, இறக்கி விடு. அவளே நடப்பா."

"நான் நடக்க மாட்டேன் அத்தை!" என்றது வாலு மேலேயிருந்து.

அண்ணன் ஏறினான். சங்கு பின்னாலேயே, அவன் இடது குதிகாலை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு கையை நீட்டிக்கொண்டே ஏறினாள். ஐம்பத்துநாலு படி. ஒவ்வொரு படிக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததும், "காலைக் கழட்டிக் குடு, சும்மா பாத்துட்டுத் தர்றேன்" என்றாள்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சர்வீஸா? பாருடி, உன் சொத்துதானே அது" என்று கழற்றிக் கொடுத்தான். அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "அவரு அதைத் துடைக்கிற துடைப்பு இருக்கே, என்னைக்கூட இப்படிக் கவனிச்சதில்ல" என்றாள். அண்ணன் சிரித்தான். இரண்டு வருஷம் சிரிக்காத மனுஷன் அப்படிச் சிரித்ததைப் பார்க்க யாருக்கானாலும் நிறைவாக இருக்கும். அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

ஒட்டிய அடுக்கு உள்ளே திறந்திருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எளிமையான ஒரு வழி இருக்கிறது. நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிற இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மொத்தையாக ஒலிக்கும். பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங். வளைவில் திரும்பி, குதிகாலுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடத்தில், டொக். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். அந்த நேரத்தில் வாலு டிவியைச் சத்தமாக வைத்தது. இன்னொரு தடவை தட்டினாள். டொக்கா, டிங்கா? டொக் மாதிரிதான் இருந்தது.

"என்னடி, டாக்டர் மாதிரி காது குடுத்துக் கேக்கறே? ஏதாவது கோளாறா?" என்று அண்ணன் கேட்டான். சும்மா கேட்கவில்லை, சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

சொல்ல வாயெடுத்தாள். டிவிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, ஒரு நாணயத்தை நம்பி இவன் வாழ்க்கையை நிறுத்த முடியுமா, இன்னும் ஒன்றரை நாளில் சின்னக் கட்டத்தில் ஓடுகிற ரன் முடிந்துவிடும், நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"ஒண்ணுமில்லண்ணா. சும்மா."

"பாத்துச் சொல்லுடி. வெள்ளிக்கிழமை அந்த ஆளு முன்னாடி மானம் போயிடக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பாதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவனே மாட்டிக்கொண்டு இரண்டு தடவை தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினான்.

வியாழக்கிழமை முழுக்கக் கையில் வேலை ஓடவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை ரன்னைத் திறந்து பார்ப்பாள். அறுபத்தொன்று சதவீதம், அறுபத்திரண்டு. பக்கத்து சீட்டுக்காரர், "பால் பொங்குதான்னு பாக்கற மாதிரி பாத்துக்கிட்டே இருக்கியே, பாத்தா சீக்கிரம் பொங்கிடுமா?" என்றார். சாயங்காலம் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: பதினெட்டாயிரத்து இருநூறு, நாளைக்கு நடக்கறதுக்கு ஒத்திகை! மேனேஜரிடம் சொல்லலாமா என்று அவர் அறை வாசல் வரைக்கும் போனாள். கணக்கு முடிஞ்சதா என்றுதான் முதலில் கேட்பார். முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். தொண்ணூற்றைந்து சதவீதம். அந்த நேரம் அண்ணன் பையைத் தூக்கியிருப்பான். ஒன்பது மணிக்குத் தொண்ணூற்றாறு. ஒன்பதரைக்கு இனி முடியாது என்று போனை எடுத்து அண்ணனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தபால்காரன் போன் எடுப்பான்? மறுபடி அழைத்தாள். மறுபடி. ஆறாவது தடவை போன் அணைந்தே போயிருந்தது.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அண்ணி கூப்பிட்டாள். போனில் அழுகைதான் வந்தது. நடுவில் ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது.

ஒரு அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குப் பதிவுத் தபால் கொடுத்துவிட்டு இறங்கும்போது நடந்திருக்கிறது. மேற்பார்வையாளர் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னார்: "நல்லாத்தாம்மா நடந்தாரு. நான் மனசுக்குள்ள பாஸே போட்டுட்டேன். பட்டுனு ஒரு சத்தம். அப்படியே பன்னெண்டு படி உருண்டுட்டாரு." பாதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். நனைந்த நோட்டு அட்டை மாதிரி குதிகாலுக்கு மேலே இதழ் இதழாக விரிந்திருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்.

வலது இடுப்பு உடைந்திருந்தது. நல்ல கால் பக்கம்! எலும்பு சிதறியிருக்கிறது, கம்பி வைக்கிறோம், ஆனால் அந்தக் கால் இனி முழு எடை தாங்காது என்றார் டாக்டர். இன்னொரு பக்கம் ஏற்கெனவே இல்லை. "நடக்கறதைப் பத்தி இப்போ பேச வேணாம். உக்காரட்டும், அது போதும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

ஆபரேஷன் அறை வாசலில் நின்றபோது போன் அதிர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அனுப்பியிருந்தார்: உன் ரன் முடிஞ்சது. சின்னக் கட்டத்தில் விடை இன்னும் முன்னாடியே வந்திருந்தது. இருபத்துமூன்று லட்சத்து அறுபதாயிரம். தாளைப் பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்தது, அது திங்கட்கிழமை. அவள் ஃபைலைத் திறந்த அன்றைக்கே பாதமும் திறந்திருக்கிறது. நாணயம் தட்டியபோது கேட்டது டொக்தான். அங்கேயே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மத்தியானம் மேனேஜரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பயன்படுத்தியவர் சாதாரண ஆளைவிட மூன்று மடங்குக்கு மேல் நடந்ததே காரணம் என்று எழுதியிருந்தது. "பொய் இல்லையேம்மா, அவரு அவ்வளவு நடந்தாருதானே? நீ ஒரு கையெழுத்துப் போட்டா உனக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல" என்றார்.

சங்கு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். பிசுக்கு, பழைய ஃபைல், திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, நாணயம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அந்த நடைபாதையிலேயே கொட்டினாள். மேனேஜர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினாறு பேருக்கும் போன் போனது. எல்லாரும் பாதத்தைக் கழற்றினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கெல்லாம் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலேயே நாள் இருந்தது. நாளே இல்லாமல் இருந்தவன் ஒருத்தன்தான்.

அண்ணனுக்கு மூன்றாம் நாள்தான் பேசுகிற அளவுக்குத் தெளிவு வந்தது. கூடத்தில் எட்டுக் கட்டில், ஜன்னலோரத்தில் அவன். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சங்கு போய் நின்றதும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உன் காலை உடைச்சுட்டேன்டி" என்றான். "அவ்வளவு ஆசையா வாங்கிக் குடுத்தே. நான்தான் கண்டபடி நடந்து கெடுத்துட்டேன். உன் ஆபீஸ்ல உன்னை ஏதும் திட்டலையே?"

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீ கெடுக்கலண்ணா. நான் போட்ட கணக்கு தப்பு. பிரியாதுன்னு சொன்னது தப்பு. தப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.  அண்ணன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். "கணக்குன்னா தப்பு வரத்தான்டி செய்யும். நான் எத்தனை லெட்டரை மாத்திப் போட்டிருக்கேன். வேணும்னா பண்ணினே? அழாத. எனக்கு ஒரு கோவமும் இல்ல."

இத்தோடு விட்டிருந்தால் அவளுக்கு அண்ணன் மிச்சமிருந்திருப்பான். அவன் கை அவள் கையைப் பிடித்திருந்தது. ஆனால் அவன் விசாரிக்கிற பாவனையில், பேச்சு வாக்கில் கேட்டான்.

"விழுந்ததுக்கு அப்புறம்தான் தப்புன்னு தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்லண்ணா. திங்கக்கிழமையே தெரியும்."

"எந்தத் திங்கக்கிழமை?"

"நீ விழறதுக்கு முன்னாடி திங்கக்கிழமை. நிச்சயமாத் தெரியல. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டு… வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முடியும்னு…"

அண்ணன் கை அவள் கையை விட்டது. உதறவெல்லாம் இல்லை, தளர்ந்து போர்வையில் விழுந்தது.

"புதன்கிழமை வந்தியே. காசு வெச்சுத் தட்டினியே. கோளாறான்னு நான் உன்கிட்டக் கேட்டேனே."

"ஆமாண்ணா, நீ கேட்டே."

"அப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"ஒரு நாள் லீவு போட்டிருப்பேன்" என்றான் அண்ணன். குரலை உயர்த்தவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது. "காய்ச்சல்னு சொல்லியிருப்பேன். அந்த ஆளு அடுத்த வாரம் வந்திருப்பாரு. ஒரு வார்த்தை, சந்தேகமா இருக்குண்ணா, கழட்டி வைன்னு. உன் சந்தேகமே எனக்குப் போதுமேடி. நான் எப்பவாவது உன்கிட்ட நிச்சயமாச் சொல்லுன்னு கேட்டிருக்கேனா?"

"அண்ணா, தப்பாப் போயிட்டா உன் வேலை…"

"உன் கம்ப்யூட்டர் முடிக்கலைன்னு என்னை நடக்க விட்டிருக்கே. வாலு என் தோள்ல இருந்தா. பின்னாடியே வந்தியே. பாத்துக்கிட்டே வந்தியே."

அண்ணி எழுந்தாள். "போதும்ங்க, உங்களுக்கு ஆகாது" என்றாள். சங்குவை அவள் பார்க்கவே இல்லை. அண்ணன், "என்னை அந்தப் பக்கம் திருப்பி விடு" என்றான் அண்ணியிடம்.

அது ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. அண்ணி போய் ஆயாவைக் கூட்டிவந்தாள். ஒருத்தி தோளையும் ஒருத்தி இடுப்புக்குக் கீழேயும் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி மெதுவாகப் புரட்டினார்கள். வலியில் அவனுக்குப் பல் கிட்டித்தது. பாதித் திரும்பிய நிலையில் கால் நழுவப் பார்த்தது. சங்கு தன்னையறியாமல் குனிந்து கை கொடுக்கப் போனாள்.

"நீ தொடாத" என்றான் அண்ணன்.

கையை இழுத்துக்கொண்டாள். தங்கச்சிக்கு முதுகைக் காட்டிப் படுக்க அந்த மனுஷனுக்கு இரண்டு பேர் உதவியும் ஐந்து நிமிஷமும் தேவைப்பட்டது. அந்த ஐந்து நிமிஷமும் அவள் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி முடித்து, போர்வையைச் சரி பண்ணிவிட்டு ஆயா போனாள். அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் முகம் இருக்கிற பக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.